ஒரு கிலோ பொட்டாஷுக்கு எத்தனை கிலோ மாங்காய்?

பொன்னேரி வட்டத்துத் தச்சூரையும் ஆந்திரத்தின் சித்தூரையும் இணைக்க 116 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறுவழிச் சாலை அமைகிறது. தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலில் அதன் எண் 716பி. ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயிகள் நஞ்சை நிலம் பறிபோகிறது என்று எதிர்த்துப் போராடிய சாலை இது. ஒரு முனையில் சித்தூர் மாவட்டத்தின் மாங்கூழ் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மறுமுனையில் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. தச்சூரிலிருந்து எண்ணூருக்குச் செல்லச் சென்னை எல்லைச் சாலை. சாலையும் துறைமுகமும் கைகோத்தால் உள்நாட்டு விளைபொருளுக்கு உலக விலை கிடைக்கும் என்பது இப்படிப்பட்ட திட்டங்களுக்கு எப்போதும் சொல்லப்படும் நியாயம்.

அந்த நியாயத்தை மாம்பழத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும், எல்லை தாண்டிச் சித்தூரிலும், தெற்கே கிருஷ்ணகிரியிலும் மாந்தோப்புகள் நிறைந்திருக்கின்றன. உலகில் விளையும் மாம்பழத்தில் ஏறத்தாழ பாதி இந்தியாவுடையது; ஆண்டுக்கு இரண்டு கோடி டன்னுக்கும் மேல். மெக்சிகோவில் விளைவது இதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் 2023-24இல் இந்தியா ஏற்றுமதி செய்த புதுப்பழம் 32,104 டன். விளைச்சலில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. மெக்சிகோ ஆண்டுதோறும் சுமார் நான்கு லட்சம் டன்னை வெளியே அனுப்புகிறது. விளைவதில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது.

ஒரு நாடு தான் விற்கும் பொருளின் விலைக்கும் வாங்கும் பொருளின் விலைக்கும் உள்ள விகிதத்தைப் பொருளியலில் வாணிப வீதம் என்கிறோம். விற்பது விலை ஏறி, வாங்குவது விலை இறங்கினால் அந்த நாட்டுக்கு வீதம் சாதகம். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அர்ஜென்டினாவின் ரவுல் பிரெபிஷும், ஐக்கிய நாடுகள் அவையில் பணியாற்றிய ஹான்ஸ் சிங்கரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: விளைபொருளை விற்று எந்திரப் பொருளை வாங்கும் நாடுகளுக்கு இந்த வீதம் நீண்டகாலத்தில் சரிந்துகொண்டே போகும். அந்த விவாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் அவர்கள் காலத்து அளவுகோல் நாட்டை ஓர் அலகாக எடுத்துக்கொண்டது. மாம்பழத்தில் நாட்டின் வீதம் ஒரு கதை சொல்கிறது, தோப்புக்காரரின் வீதம் அதற்கு நேர் எதிரான கதை சொல்கிறது.

முதலில் நாட்டின் கணக்கு. 2023-24இல் இந்தியப் புதுமாம்பழ ஏற்றுமதியின் மதிப்பு சுமார் 6 கோடி டாலர். கிலோவுக்கு 1 டாலர் 87 சென்ட். மெக்சிகோ மாம்பழம் நான்கு கிலோ பெட்டிகளில் போகிறது. வழக்கமான பருவத்தில் கிலோவுக்கு ஒரு டாலரிலிருந்து ஒன்றரை டாலருக்குள் நிற்கும். கணக்குக்கு 1 டாலர் 20 சென்ட் என்று கொள்வோம். இதை மட்டும் பார்த்தால் இந்தியாவின் கை மேலோங்கியிருக்கிறது. நம் பழம் அவர்கள் பழத்தைவிட ஒன்றரை மடங்கு விலைக்குப் போகிறது.

ஆனால் மெக்சிகோ நான்கு லட்சம் டன்னுக்கு அந்த விலையைப் பெறுகிறது. நமக்கு அந்த உயர்ந்த விலை வெறும் 32 ஆயிரம் டன்னுக்கு. மிச்சத்தில் வெளிநாடு போவது பெரும்பாலும் கூழாகப் போகிறது.

மெக்சிகோவின் பழம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1889இல் முல்கோபா என்ற இந்திய ரகத்தின் ஒட்டுக்கன்றுகள் புளோரிடாவுக்குப் போயின. அதன் விதையிலிருந்து முளைத்த மரம்தான் ஹேடன். 1910இல் முதல் காய்ப்பு. இன்று மெக்சிகோ தோப்புகளில் நிற்கும் டாமி அட்கின்ஸ், கென்ட், கீட் ஆகியவை அதே புளோரிடா வழியில் வந்தவை. தாய்மரம் இந்தியாவுடையது, சந்தை அவர்களுடையது. இந்த வேறுபாட்டைச் சுவையோ நிறமோ உண்டாக்கவில்லை. ஒரு பூச்சியும் ஒரு வெந்நீர்த் தொட்டியும் உண்டாக்கின.

பழ ஈயை அழிக்க எத்திலீன் டைபுரோமைடு என்ற வாயுவால் பழங்களுக்குப் புகையூட்டுவது ஒரு காலத்தில் வழக்கம். அது புற்றுநோய் தரும் என்று 1980களின் நடுவில் அமெரிக்கா அதைக் கைவிட்டது. மெக்சிகோ உடனே வேறு வழி தேடியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெந்நீர் முறைக்கு மாறிவிட்டது. பழங்களை நிரப்பிய கூடைகளைத் தொட்டியில் முழுக அமிழ்த்துகிறார்கள். தண்ணீர் 46.1 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும். பழத்தின் எடையையும் வடிவத்தையும் பொறுத்து 65 நிமிடத்திலிருந்து 110 நிமிடம் வரை. வெப்பம் அனுமதித்த வரம்புக்குக் கீழே இறங்கினால் அந்தக் கூடை தள்ளுபடி. தோலுக்கு அடியில் ஈ இட்ட முட்டையும் புழுவும் இதில் செத்துவிடும். தண்ணீரும் கொதிகலனும் வெப்பமானிகளும் போதும் என்பதால் செலவு அதிகமில்லை. ஏற்றுமதி செய்யும் பெட்டியடைப்புக் கூடங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கள் ஊரிலேயே வந்து இருந்து சான்றளிக்கும் செலவை ஏற்றுக்கொண்டன. சான்று பெற்ற பழம் லாரி ஏறினால் இரண்டு மூன்று நாளில் டெக்சாஸின் ஃபார் பாலத்தையோ அரிசோனாவின் நோகாலஸையோ தாண்டிவிடும். 1994இல் வடஅமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் வந்தபின் இறக்குமதி வரியும் போயிற்று.

இந்தியாவுக்கு அதே வெந்நீர் ஏன் போதவில்லை? நம் மாம்பழத்தில் பழ ஈயோடு கொட்டைக்குள் வாழும் கூன்வண்டும் உண்டு. சதைக்குள் இருப்பது வெந்நீரில் சாகும்; கொட்டைக்குள் ஒளிந்திருப்பது தப்பிவிடும். அமெரிக்காவுக்கு அந்த வண்டு போய்ச் சேரக் கூடாது. அதனால் 1989 முதல் 18 ஆண்டுகள் இந்திய மாம்பழத்துக்கு அங்கே கதவு அடைபட்டிருந்தது. 2006இல் அமெரிக்க அதிபர் புஷ் தில்லி வந்தபோது உடன்பாடு ஏற்பட்டு, 2007 ஏப்ரலில் முதல் சரக்கு நியூயார்க் போனது. நிபந்தனை: குறைந்தது 400 கிரே அளவுக்குக் காமா கதிர்வீச்சு. நாசிக் மாவட்டம் லாசல்காவில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூடம் முதலில் வந்தது. பிறகு நவி மும்பையில் வந்தது. தென்னகத்தில் கோலார் மாவட்டத்து மாலூரில் ஒன்று. ஊத்துக்கோட்டையில் பறித்த பங்கனப்பள்ளி அமெரிக்கா போக வேண்டுமானால் அருகில் தெரியும் துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேற்கே மலையேறிப் போய்க் கதிர்வீச்சு பெற்று, விமானம் ஏற வேண்டும்.

கப்பலில் போனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். 2022இல் கடல்வழிச் சோதனைச் சரக்கு ஒன்று அமெரிக்கா போய்ச் சேர்ந்தது; ஆனாலும் விமானமே வழக்கம். கிலோ 1 டாலர் 87 சென்ட் என்ற உயர்ந்த விலையின் ரகசியம் இங்கே இருக்கிறது. விமானக் கட்டணத்தைத் தாங்கக்கூடிய அல்போன்சா, கேசர் போன்ற விலையுயர்ந்த ரகங்கள் மட்டுமே ஏறுகின்றன. சாதாரண ரகம் ஏறுவதில்லை. எனவே நம் சராசரி விலை உயர்ந்து தெரிகிறது. மெக்சிகோவின் சராசரியில் நல்ல பழமும் நடுத்தரப் பழமும் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்கா நம் பழத்துக்குப் போடும் அடிப்படைச் சுங்க வரி கிலோவுக்கு 6.6 சென்ட்தான். விமானக் கட்டணத்துக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. வரிப் பேச்சுவார்த்தைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி என்று அமெரிக்கா அறிவித்தபோது அந்த ஆண்டின் மாம்பழப் பருவமே முடிந்துவிட்டிருந்தது. வெப்பமண்டலப் பழங்களைப் பதிலடி வரியிலிருந்து விலக்கிய ஆணை அந்த ஆண்டு நவம்பரில் வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் நடந்ததுதான் உண்மையான அடி. நவி மும்பையில் கதிர்வீச்சு முடித்துப் போன 15 சரக்குகளை, சான்றிதழில் குறை இருக்கிறது என்று லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ, அட்லாண்டா விமான நிலையங்களில் நிறுத்தினார்கள். திருப்பி எடுத்துவருவதற்கு ஆகும் செலவில் பழமே மிஞ்சாது என்பதால் ஏற்றுமதியாளர்கள் அங்கேயே அழிக்கச் சொன்னார்கள். நட்டம் சுமார் ஐந்து லட்சம் டாலர்.

மெக்சிகோ விவசாயி சுகமாக இருக்கிறார் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே வாங்குநரை நம்பியிருப்பதன் ஆபத்து அங்கே கண்முன் தெரிகிறது. 2024 ஜூனில் மிச்சோவகான் மாநிலத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் தாக்கப்பட்டபோது அங்கே அவகாடோ, மாம்பழ ஆய்வுகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. ஆய்வு இல்லாவிட்டால் ஏற்றுமதி இல்லை. பருவ உச்சத்தில் தோப்பு விலை கிலோ சில பெசோக்களுக்கு விழும். குவெரெரோ, வஹாக்கா மாநிலங்களின் பழங்குடி மக்கள் பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்து பழம் பறிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு எந்தப் பதிவும் பாதுகாப்பும் கிடையாது.

வாணிப வீதத்தைக் கூலியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஜேக்கப் வைனர் சொன்னார். இரு நாடுகளின் உழைப்பும் எந்த விகிதத்தில் கைமாறுகிறது என்பதை இரட்டைக் காரணி வாணிப வீதம் அளக்கும். செயின்ட் லூசியா தீவில் பிறந்து 1979இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸ் அதை வேறு கோணத்தில் விளக்கினார். வெப்பமண்டல விளைபொருளின் விலையை அதன் தரம் தீர்மானிப்பதில்லை. அந்த உழவர் உணவுப் பயிரில் எவ்வளவு ஈட்ட முடியும் என்பதே தீர்மானிக்கிறது. நெல்லில் கூலி குறைந்த நாட்டில் தேயிலைக் கூலியும் குறையும், அந்தக் குறைவு மலிந்த விலையாக வாங்கும் நாட்டுக்குப் போய்ச் சேரும்.

இதை மாம்பழத்தில் பொருத்திப் பார்க்கலாம். மெக்சிகோவின் குறைந்தபட்ச நாள்கூலி 2018இல் 88.36 பெசோ, 2024இல் 248.93 பெசோ. டாலருக்கு 18 பெசோ என்று வைத்தால் 13 டாலர் 80 சென்ட். அந்த நாட்டின் ஏற்றுமதி விலையில் ஒரு நாள்கூலிக்குப் பதினொன்றரைக் கிலோ மாம்பழம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் 2024-25ஆம் ஆண்டுக் கூலி 319 ரூபாய். டாலருக்கு 85 ரூபாய் என்றால் 3 டாலர் 75 சென்ட். நம் ஏற்றுமதி விலையில் அது இரண்டு கிலோ மாம்பழம். தோப்பில் ஆணுக்குக் கிடைக்கும் சந்தைக் கூலி இதைவிடக் கூடுதல்தான். இரட்டிப்பாகக் கொண்டாலும் நான்கு கிலோவைத் தாண்டாது. உயர்ந்த விலைக்கு விற்கும் நாட்டில் உழைப்பின் பங்கு, இரட்டிப்பாகக் கொண்டாலும், மெக்சிகோவினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். இடைவெளியில் இருக்கும் பணம் கதிர்வீச்சுக்கும் பெட்டிக்கும் ஆய்வுக்கும் வாங்கி அனுப்புகிறவருக்கும் போகிறது. டாலர் கணக்கில் நாம் மெக்சிகோவை வென்றதாகச் சொல்லும் அறிக்கைகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

இனி கூழுக்கு வருவோம். பொன்னேரிப் பக்கம் வரும் சரக்கில் புதுப்பழத்தைவிட இதுதான் அதிகம்.

சித்தூரிலும் கிருஷ்ணகிரியிலும் விளையும் காயில் பெரும்பங்கு தோத்தாபுரி. நம் ஊரில் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லும் ரகம். ஆண்டு தவறாமல் காய்ப்பது இதன் குணம். மற்ற ரகங்கள் ஓராண்டு காய்த்து ஓராண்டு ஓயும்போது இது காய்க்கும். அதனால் விவசாயிகள் இதையே நட்டார்கள். உரித்து, அரைத்து, கிருமி நீக்கி, காற்றுப் புகாத பைகளில் நிரப்பி, இரும்புப் பீப்பாய்க்குள் வைப்பார்கள். பீப்பாய்க்கு 215 கிலோ. இருபதடிக் கன்டெய்னரில் 80 பீப்பாய் ஏறும், 17.2 டன். அதற்குச் சுமார் 34 டன் காய் வேண்டும்.

டன் கூழ் 1,000 டாலர் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் ஒரு கன்டெய்னர் 17,200 டாலர். ஏறத்தாழ 14 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். தோப்பு விலை கிலோ 20 ரூபாயாக இருந்தால் அதில் விவசாயிகளுக்கு 6 லட்சத்து 80 ஆயிரம் போகும். 5 ரூபாயாக இருந்தால் 1 லட்சத்து 70 ஆயிரம். கன்டெய்னர் அதேதான், கப்பலும் அதேதான். காய் விலை ஏறும் ஆண்டில் கூழ் விலையும் ஓரளவு ஏறும் என்பது உண்மை. ஆனால் ஏற்றமும் இறக்கமும் தோப்பில் நான்கு மடங்காகவும் துறைமுகத்தில் அதைவிட மிகச் சிறிதாகவும் வருகின்றன.

இது நடக்காத கற்பனை அல்ல. 2024இல் விளைச்சல் குறைந்து, சித்தூரில் தோத்தாபுரி கிலோ 20 ரூபாயைத் தாண்டிப் போனது. 2025இல் காய் மிகுந்தது. முந்தைய ஆண்டின் கூழ் விற்காமல் ஆலைகளில் தேங்கியிருந்தது. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, மேற்காசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் வழி சுற்றுவழியாகிவிட்டது. விலை ஐந்து ரூபாய்க்கும் கீழே விழுந்தது. லாரிகளும் டிராக்டர்களும் ஆலை வாசலில் நாள்கணக்கில் வரிசையில் நிற்க, காய் வெயிலில் பழுத்து அழுகியது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது: எட்டு ரூபாய் ஆலை தர வேண்டும், நான்கு ரூபாய் அரசு தரும். கூடவே ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் தோத்தாபுரி சித்தூருக்குள் வரக் கூடாது என்று தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். பிறகு ஒன்றிய அரசு கர்நாடகத்தில் இரண்டரை லட்சம் டன்னுக்கு, குவிண்டால் 1,616 ரூபாய் அடிப்படையில், விலைக்குறைவை ஈடுகட்ட ஒப்புக்கொண்டது. பள்ளிப்பட்டில் விளைந்த காய்க்கு ஆந்திரத்தின் அந்த நான்கு ரூபாயும் இல்லை, சித்தூர் ஆலை வாசலும் இல்லை. ஒரே மண், ஒரே ரகம், நடுவில் ஒரு சோதனைச் சாவடி.

இதே ஆண்டுகளில் நாட்டின் வாணிப வீதம் எப்படி இருந்தது? நாம் கூழ் விற்று என்ன வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். மாமரத்துக்கு வேண்டிய பொட்டாஷ் உரம் அளவுகோலுக்கு ஏற்றது. அதற்கு முழுக்க முழுக்க இறக்குமதியையே நம்பியிருக்கிறோம். கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் நாடுகளிலிருந்து வருகிறது. 2022 தொடக்கத்தில் இந்தியாவின் ஒப்பந்த விலை டன் 590 டாலருக்கு ஏறியது. ஒரு டன் கூழுக்கு 1.7 டன் பொட்டாஷ்தான். 2024இல் ஒப்பந்த விலை 280 டாலர் அளவுக்கு இறங்கியது. ஒரு டன் கூழுக்கு மூன்றரை டன். 2025இல் 349 டாலர். கிட்டத்தட்ட மூன்று டன். அந்த ஆண்டு கூழ் விலை கால்பங்கு இறங்கியிருந்தாலும் 2022ஐவிட நிலைமை நல்லதுதான்.

தோப்புக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. கடையில் பொட்டாஷ் ஐம்பது கிலோ மூட்டை 1,600 ரூபாய் என்றால் கிலோ 32 ரூபாய். 2024இல் அதற்கு 1.6 கிலோ காய் போதும். 2025இல் 6.4 கிலோ வேண்டும். ஆந்திர அரசு நிர்ணயித்த 12 ரூபாய் முழுதாகக் கைக்கு வந்திருந்தாலும் 2.7 கிலோ. நாட்டுக்கு வீதம் மிதமாக மாறிய ஓராண்டில் விவசாயிக்கு நான்கில் ஒன்றாகச் சரிந்தது. பூ விடும்போதே தோப்பைக் குத்தகைக்கு விட்டவர்கள் பழைய விலையில் தப்பினார்கள், குத்தகை எடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆலைக்காரர்கள்மேல் மட்டும் பழி போடுவதில் நியாயமில்லை. விற்காத கூழோடு கடன் வட்டி கட்டிக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு.

மெக்சிகோவில் இதற்கு இணையான பொருள் மக்காச்சோளம். அமெரிக்காவிடமிருந்து அவர்கள் மிகுதியாக வாங்குவது அது. 2024இல் ஒரு கிலோ 17 சென்ட் அளவில் இருந்தது; ஒரு கிலோ மாம்பழத்துக்கு ஏழு கிலோ சோளம். அந்த மலிவு மெக்சிகோவின் சொந்தச் சோள உழவர்களை நொடித்துப்போட்டது என்பது தனி வரலாறு. ஆனாலும் மாந்தோப்பு வைத்திருப்பவருக்குக் கூழ் ஆலை, உள்ளூர்ச் சந்தை, அமெரிக்க ஏற்றுமதி என்று மூன்று வாசல்கள் இருக்கின்றன. ஒன்று அடைத்தால் மற்றொன்றின் விலை தாங்கும். தோத்தாபுரிக்காரருக்கு உள்ளது பெரும்பாலும் ஒரே வாசல். அது ஆலை வாசல்.

வீதத்தை மாற்றுவது எது என்ற கேள்விக்கு என் பதில் இங்கிருந்து வருகிறது. சாலை மட்டும் மாற்றாது. ஆறுவழிச் சாலையில் அதே பீப்பாய் முன்பைவிட ஓரிரு மணி நேரம் சீக்கிரம் துறைமுகம் வந்து சேரும். மிச்சமாகும் டீசல் கிலோவுக்குச் சில பைசா. அது யாருக்குப் போகும் என்பதைக் கடந்த ஆண்டுகளின் கணக்கே சொல்லிவிட்டது. சென்னை-பெங்களூரு தொழில்வழித் திட்டத்தில் பொன்னேரி, கிருஷ்ணபட்டினம், துமகூரு ஆகிய மூன்றும் முனையங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை திட்ட வரைவு தயாரித்தது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை கிருஷ்ணபட்டினத்துக்கும் துமகூருக்கும் ஒப்புதல் அளித்தது. பொன்னேரி அந்தப் பட்டியலில் இல்லை. இப்படிப் பின்தங்கியதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது: எதைக் கட்டுவது என்று தீர்மானிக்க இன்னும் நேரம் உண்டு.

வண்டிக் கிடங்கும் கார் ஏற்றுமதி முற்றமும் போலவே வெந்நீர்த் தொட்டி, குளிர்க் கூடம், தரம்பிரிக்கும் கூடம், துறைமுகத்தில் குளிர்க் கன்டெய்னருக்கு மின் இணைப்பு ஆகியவை ஒரே வளாகத்தில் அமைந்தால், எண்ணூரிலிருந்து பழம் பழமாகவே போகலாம். அமெரிக்காவை இலக்காக வைக்க வேண்டியதில்லை. அங்கே வண்டும் விமானமும் வழிமறிக்கின்றன. சிங்கப்பூரும் கிள்ளானும் கப்பலில் ஒரு வாரத்துத் தொலைவு. மாம்பழம் தெரிந்த, பங்கனப்பள்ளியையும் இமாம் பசந்தையும் பெயர் சொல்லிக் கேட்கும் தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். துபாய்க்கு மேற்குக் கரைத் துறைமுகங்கள் பக்கம் என்பதால் அந்தச் சந்தையை அவற்றுக்கே விடலாம்.

தோப்பிலும் மாற்றம் வேண்டும். எல்லாத் தோத்தாபுரி மரத்தையும் வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. கிளைகளை வெட்டிவிட்டு, புதுத்துளிரில் பங்கனப்பள்ளியையோ செந்தூராவையோ ஒட்டுக்கட்டினால் மூன்று நான்கு ஆண்டில் காய்ப்புக்கு வரும். தோப்பில் ஐந்தில் ஒரு பங்கு மரங்களை இப்படி மாற்றினாலே ஆலை வாசலில் நிற்கும் வண்டிகள் குறையும். விற்க வேறு இடம் உண்டு என்று விவசாயியால் சொல்ல முடியும். அந்த மூன்று நான்கு ஆண்டு வருமான இழப்பை யார் ஏற்பது என்பதுதான் கடினமான கேள்வி. ஒரு பருவத்து விலைச்சரிவை ஈடுகட்டக் கிலோவுக்கு நான்கு ரூபாய் கொடுக்க ஓர் அரசால் முடிந்திருக்கிறது. அதே பணத்தை ஒட்டுக்கட்டும் விவசாயிக்கு, மரக்கணக்கில், காய்ப்பு வரும்வரை கொடுக்கத் தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை ஒரு திட்டம் வகுக்கலாம். பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை, திருத்தணி வட்டங்களில் அதைத் தொடங்கினால், தச்சூர்ச் சாலை முழுதாகத் திறந்து சில பருவங்களுக்குள் முதல் பழம் தயாராகிவிடும்.